உப்பின் அளவும் உண்மையின் அளவும்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம்மவர் பழமொழி. உணவில் உப்பு மிகினும் குறையினும் நாவே அறிவித்துவிடும். ஆயின் நோயாளியின் இரத்தக் குழாயில் ஏற்றப்படும் உப்புநீரை எந்த நாவு சோதித்தறியும்? 1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிங்காம்டன் நகரத்து மருத்துவமனையொன்றில், சர்க்கரைக் கலத்தில் உப்பு தவறி இடப்பட்டமையால், அது கலந்த பாலையுண்ட பச்சிளங் குழந்தைகள் சிலர் உயிர் நீத்தனர். கண்ணுக்கு இரண்டும் வெண்பொடியே. ஆகவே உப்பை அளந்தறிதல் அற்பத் தொழிலன்று.

அளக்கும் முறையை மாணாக்கர் யாவரும் அறிவர். உப்புநீரிற் சிறிது பொட்டாசியம் குரோமேட்டைச் சேர்த்து, பியூரெட்டினின்று வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைத் துளித்துளியாக விடுகின்றோம். குளோரைடு உள்ளமட்டும் வெண்மையான வீழ்படிவே தோன்றும். அது தீர்ந்தவுடன் செங்கல் நிறம் நிலைத்து நிற்கும். இது 1856-இல் மோர் என்னும் ஜெர்மானிய இரசாயனி வகுத்த முறை. அமிலக் கரைசலுக்கு இது பொருந்தாது. அதற்கேற்றது 1874-இல் வோல்ஹார்டு வெளியிட்ட முறையாம்.

இனி நமது குறையைக் கூறுவோம். மருத்துவமனைகளில் வழங்கும் உப்புநீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருத்தல் வேண்டும். அதில் 10 மில்லி லிட்டருக்கு 0.1 மோலார் வெள்ளி நைட்ரேட்டு 15.4 மில்லி லிட்டர் செலவாகும். இவ்வெண்ணை முன்னரே அறிந்த மாணாக்கர், நிறத்தை நோக்காது எண்ணையே நோக்கிக் குழாயை மூடுகின்றனர். லிட்டருக்கு 8.5 கிராமே உள்ள புட்டியொன்றை அவரிடம் கொடுத்தால் என்னாகும்? உண்மையில் 14.5 மில்லி லிட்டரிலேயே நிறம் மாறும். அமெரிக்க மருந்து நூல் குறித்த அளவில் 100-க்கு 95 முதல் 105 வரையே இடந்தருகின்றது, இப்புட்டியோ 95-க்கும் குறைந்தது, தள்ளற்பாலது. நம் மாணாக்கரோ 15.4 என்றெழுதி அதனைத் தேறச் செய்வர்!

இயந்திரங்கள் வந்துவிட்ட இக்காலத்தில் கைவேலை எதற்கென்று சிலர் வினவுவர். இயந்திரமும் அதே வெள்ளி நைட்ரேட்டையே சொட்டுகின்றது. அதன் வன்மையைத் தூய உப்பை நிறுத்துச் சரிபார்ப்பவன் மனிதனே. அன்றியும், வெள்ளி கணக்கிடுவது குளோரைடையேயன்றிச் சோடியத்தையன்று. உலக சுகாதார நிறுவனம் 2002-இல் ஏற்ற வாய்வழி நீரேற்றக் கரைசலில், லிட்டருக்கு 2.6 கிராம் சோடியம் குளோரைடும் 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடும் உள்ளன. வெள்ளி இரண்டையும் சேர்த்தே எண்ணும். கிடைத்த எண்ணுக்குப் பொருள் யாதென்று ஆராய்வது அறிவின் கடனேயன்றி இயந்திரத்தின் கடனன்று.

ஆதலின் நாம் வேண்டுவன இரண்டு. முதலாவது, சோதனைக்குக் கொடுக்கும் புட்டிகள் வெவ்வேறு அளவினவாய், பெயர்ச்சீட்டின்றி இருத்தல் வேண்டும். இரண்டாவது, எதிர்பார்த்த விடைக்கு அணுகியமைக்கன்றி, கண்டதைக் கண்டவாறே எழுதியமைக்கு மதிப்பெண் வழங்கல் வேண்டும். வெள்ளி விலை மிக்கதென்பாருக்கு, வீழ்படிவைச் சேகரித்து வெள்ளியை மீட்கலாம் என்போம். பொய்யெழுதிப் பழகிய கையை மீட்பது அத்துணை எளிதன்று.

இன்று நமது மேசையில் நிற்கும் மாணாக்கருட் சிலர் நாளை மருந்துச்சாலைகளிற் கையொப்பமிடுவர். அக்கையொப்பத்தை நம்பியே, முகமறியா நோயாளி தன் கரத்தை நீட்டுவான்.