கரும்பா, ஜின்னாவா? கைரானா வாக்காளர் அளித்த பதில்கள்

தேர்தல் முடிவு வெளியாகும் ஒவ்வொரு முறையும் கார்ப்பரேட் ஊடகங்களின் விவாத மேடைகளில் ஒரே பல்லவிதான். வட இந்திய வாக்காளர் சாதிக்கு வாக்களிக்கிறார். இல்லையேல் மதத்துக்கு வாக்களிக்கிறார். இரண்டுமில்லையென்றால் மாதம் ஐந்து கிலோ இலவச தானியத்துக்கு விலைபோகிறார். இதுவே அந்த அறிஞர்களின் மொத்தக் கண்டுபிடிப்பு. நம்மிடையேயும் சிலர், அந்த மண்ணே அப்படித்தான் என்று கையை உதறிவிடுகிறார்கள். மதவெறியர்களுக்கு இதைவிட வசதியான வாதம் வேறில்லை. பத்தாண்டுகள் பாடுபட்டு அவர்கள் கட்டியெழுப்பியதை, இயற்கையாகவே முளைத்தது என்று நாமே சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறோம்.

மேற்கு உத்தரப் பிரதேசத்தின் கைரானா மக்களவைத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். 2014இல் பாஜக வென்றது. 2018 இடைத்தேர்தலில் தோற்றது. 2019இல் மீண்டும் வென்றது. 2024இல் மீண்டும் தோற்றது. மண்ணும் சாதிகளும் மதங்களும் இந்தப் பத்தாண்டுகளில் மாறிவிடவில்லை. மாறியது என்ன?

அது கரும்பு நாடு. நிலமுடைய ஜாட் விவசாயி, அதே பயிரை விளைவிக்கும் முஸ்லிம் விவசாயி, வெட்டுக் கூலிக்கு வரும் தலித், முஸ்லிம் தொழிலாளர்கள் என எல்லோருடைய வாழ்வும் சர்க்கரை ஆலையின் வாசலில் வந்து முடிகிறது. வெட்டிய கரும்பு காத்திருக்காது. ஆலை முதலாளி காத்திருப்பான். 14 நாட்களுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி தரவேண்டும் என்கிறது 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. நிலுவையோ மாதக்கணக்கில் நிற்கும். இந்தக் கரும்பு நாட்டிலிருந்துதான் மகேந்திர சிங் டிகாயத்தின் பாரதிய கிசான் யூனியன் எழுந்தது. 1988 அக்டோபரில் லட்சக்கணக்கான விவசாயிகள் தில்லி போட் கிளப் மைதானத்தை நிரப்பினார்கள். அந்த இயக்கத்தின் மேடைகளில் ‘ஹர ஹர மகாதேவ்’, ‘அல்லாஹு அக்பர்’ என்ற இரண்டு முழக்கங்களும் சேர்ந்தே ஒலித்தன.

2013 ஆகஸ்ட், செப்டம்பரில் முசாபர்நகரில் உடைக்கப்பட்டது இந்த ஒற்றுமைதான். 60 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். சுமார் 50,000 பேர், மிகப் பெரும்பாலும் ஏழை முஸ்லிம்கள், ஊர்களைவிட்டு ஓடி முகாம்களில் ஒண்டினார்கள். அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் 80 இடங்களில் 71ஐ பாஜக தனியாகவே வென்றது. மாநிலத்திலிருந்து ஒரு முஸ்லிம்கூட மக்களவைக்குச் செல்லவில்லை. கலவரம் ஓய்ந்த பிறகும் அச்சத்துக்கு எண்ணெய் ஊற்றவேண்டியிருந்தது. 2016இல் கைரானாவின் பாஜக எம்.பி. ஹுகும் சிங், 346 இந்துக் குடும்பங்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டதாக ஒரு பட்டியலை வெளியிட்டார். பிழைப்புக்காகப் பல ஆண்டுகள் முன்பே வெளியேறியவர்களும், இறந்துபோனவர்களும் அதில் இருந்தது செய்தியாளர்களின் விசாரணையில் தெரிந்தது. இது மதப் பிரச்சனை அல்ல, சட்டம் ஒழுங்குப் பிரச்சனை என்று அவரே பின்னர் தடம் மாறினார். ஆனால் பட்டியல் தன் வேலையை முடித்துவிட்டிருந்தது. கருத்து என்பது காற்றில் பிறப்பதில்லை. அதற்குத் தொண்டர், கூட்டம், துண்டறிக்கை, அலைபேசிக் காணொளி எல்லாம் வேண்டும். அவர்களிடம் எல்லாம் இருந்தன.

ஹுகும் சிங் மறைந்ததும் 2018 மே மாதம் இடைத்தேர்தல் வந்தது. அலிகார் பல்கலைக்கழகத்தில் தொங்கிய ஜின்னா படத்தை அப்போது பாஜக ஊதிப் பெருக்கிக்கொண்டிருந்தது. எதிர்க்கட்சிகள் ஜின்னாவுக்குப் பதிலாகக் கரும்பை முன்வைத்தன. 14 நாட்களில் பணம் என்ற 2017 தேர்தல் வாக்குறுதி என்னவாயிற்று என்று கேட்டன. எதிர்க்கட்சிகளின் கூட்டு வேட்பாளர் தபஸ்ஸும் ஹசன் 44 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகளில் வென்றார். ஐந்தாண்டுகளுக்கு முன் எதிரெதிராக நிறுத்தப்பட்டவர்களில் கணிசமானோர் ஒரே சின்னத்தில் வாக்களித்திருந்தார்கள்.

இங்கேயே கதையை முடித்துக்கொண்டு மகிழ்வது எளிது. வயிறு வென்றது, மதம் தோற்றது என்று எழுதிய நம் தோழர்களும் உண்டு. ஓராண்டுகூட ஆகவில்லை, புல்வாமாவும் பாலகோட்டும் வந்தன. 2019இல் அதே தபஸ்ஸும் ஹசன் 90 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகளில் தோற்றார். கரும்பு நிலுவை அப்போதும் இருந்தது. துயரம் இருப்பதாலேயே அது அரசியல் உணர்வாகிவிடுவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் நமக்குக் கற்பித்திருக்க முடியாது. 2018இல் நடந்தது தேர்தல் உடன்பாடு. ஊருக்குள் உடைந்த உறவு அப்படியேதான் கிடந்தது.

அதைத் தொட்டது தில்லி எல்லைப் போராட்டம். 2021 ஜனவரி 28 இரவு காஜிப்பூரில் ராகேஷ் டிகாயத் கண்ணீர்விட்ட மறுநாள், முசாபர்நகரில் மகாபஞ்சாயத்து கூடியது. கலவரத்துக்குப் பின் யூனியனை விட்டு விலகிப்போயிருந்த முதிய முஸ்லிம் விவசாயத் தலைவர் குலாம் முகமது ஜௌலா அந்த மேடையில் ஏறினார். முஸ்லிம்களைக் கொன்றது தவறு என்று ஜாட் கூட்டத்தின் முகத்துக்கு நேராகச் சொன்னார். கூட்டம் கேட்டுக்கொண்டது. செப்டம்பர் 5 அன்று அதே ஊரில் ஐக்கிய விவசாயிகள் முன்னணியின் பேரணியில் அந்த இரட்டை முழக்கம் திரும்பவும் எழுந்தது. 2017 முதல் குவிண்டாலுக்கு 325 ரூபாயிலேயே நின்றிருந்த கரும்பு விலை, மூன்றே வாரங்களில் 350 ஆனது! நவம்பர் 19 அன்று மூன்று வேளாண் சட்டங்களையும் திரும்பப் பெறுவதாகப் பிரதமர் அறிவித்தார். 2022 சட்டமன்றத் தேர்தலில் பாஜக மாநிலத்தை வென்றது உண்மை. ஆனால் ஷாம்லி மாவட்டத்தின் மூன்று தொகுதிகளையும் இழந்தது. தானா பவனில் தோற்றவர் மாநிலத்தின் கரும்புத்துறை அமைச்சர் சுரேஷ் ராணா. வென்றவர் ஜாட்களின் கட்சியென அறியப்படும் ராஷ்டிரிய லோக் தளத்தின் முஸ்லிம் வேட்பாளர்.

2024இல் அந்த லோக் தளமே, சரண் சிங்குக்கு பாரத ரத்னா அறிவிக்கப்பட்டதும், பாஜக அணிக்குத் தாவியது. பாக்பத், பிஜ்னோர் இரண்டையும் வென்றும் காட்டியது. ஆயினும் கைரானாவில் தபஸ்ஸுமின் மகள் இக்ரா ஹசன் சுமார் 69 ஆயிரம் வாக்குகளில் வென்றார். முசாபர்நகரில் ஒன்றிய அமைச்சர் சஞ்சீவ் பாலியான் வீழ்ந்தார். தலைவர் தாவினால் வாக்காளர் அனைவரும் மூட்டையோடு மூட்டையாகப் போய்விடுவார்கள் என்ற ‘சாதிக் கணக்கு’ பொய்த்தது. இங்கு இன்னொரு கருத்தும் வேலை செய்தது. நானூறு இடம் கேட்பவர்கள் அரசியல் சட்டத்தின்மீது கைவைப்பார்கள் என்ற அச்சம் தலித் குடியிருப்புகளில் பரவியிருந்தது. கோயில் திறந்து ஐந்து மாதங்கள்கூட ஆகாத அயோத்தியை உள்ளடக்கிய பைசாபாத் பொதுத் தொகுதியில், தலித்தான அவதேஷ் பிரசாத் 54 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகளில் வென்றார். இலவச தானியம் அங்கும் மாதந்தோறும் வழங்கப்பட்டுத்தான் வந்தது.

எனினும் கைரானாவில் நாம் பேசாமல் விடும் ஒன்றுண்டு. கரும்பு விலை நிலமுடையவனின் கோரிக்கை. வெட்டுக் கூலி யாருடைய கோரிக்கை? மகாபஞ்சாயத்து மேடையில் அது எத்தனை முறை ஒலித்தது? 2013இல் ஓடியவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. சாலையோரக் குடியிருப்புகளிலேயே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. ஜௌலா சொன்ன தவறைக் கேட்டுக்கொண்ட கிராமங்கள், அவர்களுடைய வீட்டையும் மனையையும் பற்றி இன்னும் வாய்திறக்கவில்லை. அடுத்த தேர்தலுக்கான புதிய பட்டியல் ஒன்றை யாராவது இப்போதே தயாரித்துக்கொண்டிருக்கக்கூடும். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைகள் அந்தக் குடியிருப்புகளுக்குப் போய்ச் சேரவேண்டியது அதற்கு முன்பு.