கடன்பட்டவர் யார்?

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம்மூர் மேடைகளில் ஒரு சொல் தவறாது ஒலிக்கின்றது. "வீதி போட்டுத் தந்தோம், குளம் திருத்தித் தந்தோம், எங்களுக்கு நீங்கள் கடமைப்பட்டவர்கள்" என்கின்றனர், ஆளுங் கட்சியின் பெயரால் வாக்குக் கேட்டு வருவோர். கமக்காரர் தலையசைக்கின்றனர், கற்றோர் வாளாவிருக்கின்றனர். சொல் புரண்டால் உரிமையும் புரளும் என்பதை இவர்கள் அறியாரா?

கடன் என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. பெற்றதைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு ஒன்று. தன் நிலைக்குரிய செயலைச் செய்யும் பொறுப்பு மற்றொன்று. புறநானூற்றிலே பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் மகனுக்கும் தனித்தனியே கடன் வகுத்தார். அங்கே வேந்தனும் கடன்பட்டவனே. கடமை என்னும் சொல்லோ, சோழர் கல்வெட்டுக்களில் நிலவரியையே குறித்தது. உழவன் கடமை இறுத்தான். அரசன் தன் கடனைச் செய்ய வேண்டியவனானான். இதில் நன்றிக்கு இடம் ஏது?

இன்றும் நிலை அதுவே. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 வீதம். ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கும் கூலியாளும் அதனை இறுக்கின்றான். அப்பணத்தில் போட்ட வீதிக்கு அவனையே கடனாளியாக்குவது எந்த நீதி? கடன் கேட்டு வழக்கிடுபவன், தான் பணம் கொடுத்ததை மன்றிலே நிறுவ வேண்டும். இவர்கள் கொடுத்தது எவருடைய பணம்?

நன்றி மறத்தல் தமிழர் பண்பன்று என்பர். உண்மை. ஆனால், தன் கைப்பொருளை ஈந்தவனுக்கே நன்றிக்கடன் உண்டு. நமது பெட்டகத்தின் திறப்பை வைத்திருப்பவனிடம் நாம் கேட்க வேண்டியது கணக்கு.

கணக்கைத்தான் பார்ப்போமே! 1957 ஜூலை 26இல் பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம்; 1958 ஏப்ரலில் அது கைவிடப்பட்டது. 1965 மார்ச் 24இல் டட்லி – செல்வநாயகம் ஒப்பந்தம். அதிற் கூறிய மாவட்ட சபைகள் வந்தில. 1987இல் 13ஆவது திருத்தம்; காணி, பொலிஸ் அதிகாரங்கள் ஏட்டிலே உறங்கின. எழுதிக் கொடுத்த வாக்குக் கடனன்றோ?

2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று இந்நாடு அறிவித்தது. பின்னர், கடன் கொடுத்த அந்நியரோடு அமர்ந்து தவணை பேசிற்று. தமிழ் பேசும் மக்களுக்குரிய பழங்கடனுக்குத் தவணை குறித்தவர் எவர்?

நம்மவர்க்கும் ஒரு சொல். நம் வாக்கைப் பெற்றுப் பாராளுமன்றம் சென்ற தமிழ்ப் பிரதிநிதியும் நமக்குக் கடன்பட்டவரே. மாலையிட்டு வரவேற்பது போதாது. அவரிடமும் கணக்குக் கேட்க வேண்டும்.

ஆகவே, அன்பர்களே, மேடையில் அச்சொல் மீண்டும் ஒலிக்கும்போது தலையசைக்க வேண்டா. எழுந்து நின்று கேளுங்கள்: கடன்பட்டவர் யார்?