கோயில் செயலிக்கும் ஒரு சாவி இருக்கு

தைப்பூச வேலை தொடங்குறதுக்கு முன்னாடி இதைச் சொல்லிடணும்.

நம்ம பசங்க அன்னதானம், அர்ச்சனை பதிவுக்கு ஒரு வலைச்செயலி செஞ்சிருக்காங்க. பிரவுசர்ல அழகா ஓடுது. அதை ஏபிகே கோப்பா வாட்ஸ்அப்ல அனுப்பிடலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. எனக்கு உடன்பாடு இல்லை. அப்படி வந்த ஒரு கோப்பைத் தட்டித்தான் எங்க அக்கா சேமிப்பை இழந்தாங்க. கோயிலே இப்படிப் பழக்கிவிட்டா, நாளைக்கு மோசடிக்காரன் அனுப்புறதையும் நம்ம பாட்டிங்க நம்பித் தட்டுவாங்க.

பிளே ஸ்டோர்ல போடுவோம். பதிவுக் கட்டணம் ஒரே தடவை 25 அமெரிக்க டாலர். பபுள்ராப்னு ஒரு இலவசக் கருவி இருக்கு. அதே வலைச்செயலியை ஸ்டோருக்கு ஏத்த மாதிரி கட்டித் தரும். ஆப்பிள் ஸ்டோருக்கு வருஷா வருஷம் 99 டாலர். ஐபோன்காரங்க சஃபாரியில திறந்து முகப்புத் திரையில சேர்த்துக்கிட்டா இப்போதைக்குப் போதும்.

ஆனா கணக்கை ஒரு பையன் பேர்ல திறக்காதீங்க. புது தனிநபர் கணக்குன்னா 12 பேர் 14 நாள் விடாம சோதிக்கணும். அதைவிடப் பெரிய சிக்கல், அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிட்டா கணக்கும் கையொப்பச் சாவியும் கூடவே போயிடும். ஃபேக்டரியில மெஷின் செட்டிங் ஒரே ஆளுக்குத் தெரிஞ்சு, அவர் லீவு போட்ட அன்னைக்கு லைன் நின்னதைப் பார்த்தவன் நான்.

கோயில் பேர்லயே அமைப்புக் கணக்கா திறங்க. டன்ஸ் எண், பத்திரம்னு கேப்பாங்க, கொஞ்சம் அலைச்சல்தான். பரவாயில்ல. உண்டியல் சாவியை ஒருத்தர் கையிலயா கொடுக்கிறோம்?