ஊரும் ஒருவனும்

"ஊர் ஓடினால் ஒத்தோடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. ஊரோடு சேர்ந்து ஓடுபவனை எவரும் காரணம் கேட்பதில்லை. தனியே ஓடுபவனே காரணம் கூறக் கடமைப்பட்டவன் என்பது இதன் கருத்து. சிற்றூர் வாழ்வின் இனிமையும் இடரும் இவ்வொரு பழமொழியுள் அடங்கிக் கிடக்கின்றன என்பது என் துணிபு. அதனை விளக்குதற்கு நெடுந்தொலைவிலுள்ள ஓர் ஊரை ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன். தன் ஊரின் குறை தனக்கு எளிதில் புலப்படாது. பிறர் ஊரை நன்கு நோக்கிவிட்டுத் திரும்புபவனுக்குத் தன் ஊரும் சற்றுத் தெளிவாகத் தோன்றும்.

அமெரிக்கா என்றவுடன் நம் மாணவர் பலருக்கு நினைவில் எழுவன வானளாவிய மாளிகைகளே. ஆயின், அந்நாட்டின் தென்பகுதி மாநிலங்கள் சிற்றூர்களால் நிறைந்தவை. அவற்றுள் ஒன்று, ஜார்ஜியா மாநிலத்தின் தென்மேற்கில், சம்டர் வட்டாரத்தில் உள்ள பிளெயின்ஸ். 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கு வாழ்வோர் 573 பேரே. ஒரு வரிசைக் கடைகள். அவற்றின் எதிரே இருப்புப்பாதை. அதன் அருகே 1888இல் கட்டப்பெற்ற மரத்தாலான சிறு புகைவண்டி நிலையம். சுற்றிலும் நிலக்கடலையும் பருத்தியும் விளையும் வயல்கள். கோடையின் புழுக்கமும், முகத்தைச் சுற்றி மொய்க்கும் சிறு கொசுகுகளும் நம் நாட்டார்க்குப் புதியன அல்ல. இவ்வூரின் பழம்பெயர் 'தூரா சமவெளி' என்பது. நேபுகாத்நேச்சார் அரசன் பொற்சிலை நிறுத்திய இடத்தின் பெயரை வேதநூலிலிருந்து எடுத்துத் தம் ஊருக்கு இட்டனர் முன்னோர். பின்னர் 'தூரா' மறைந்து, 'சமவெளி' எனப் பொருள்படும் பிளெயின்ஸ் என்பது மட்டும் நிலைத்தது. இப்பெயரை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

முதலில் இனிமையைக் கூறுவோம். நகரத்தில் அடுத்த வீட்டான் பெயரறியாது ஆண்டுகள் பல கழிக்கலாம். சிற்றூரில் அஃது இயலாது. எவர் வீட்டில் பிள்ளை பிறந்தது, எவர் நோயுற்றார், எவர் வயல் காய்ந்தது என்பன அனைவரும் அறிந்த செய்திகள். இவ்வறிவே அன்புக்கு வித்தாகின்றது. அமெரிக்காவின் முப்பத்தொன்பதாம் குடியரசுத் தலைவராக விளங்கிய ஜிம்மி கார்ட்டர் 1924இல் பிளெயின்ஸில் பிறந்தவர். அவர் மனைவியார் ரோசலினும் 1927இல் அவ்வூரிலேயே பிறந்தவர். 1981இல் பதவி நீங்கியதும் அவர்கள் மாநகர் எதனையும் நாடாது, 1961இல் தாம் கட்டிய எளிய வீட்டிற்கே திரும்பினர். முதுமையிலும் கார்ட்டர் அவ்வூர்த் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வேதபாடம் கற்பித்தார். 2023இல் அம்மையாரும், 2024 டிசம்பரில் நூறாண்டு நிரம்பிய கார்ட்டரும் அவ்வீட்டிலேயே உயிர்நீத்தனர். உலகம் முழுவதும் கண்ட ஒருவர், ஐந்நூறு பேர் வாழும் ஊரில் இறக்க விரும்பினார் எனின், அவ்வூரில் மாநகரங்கள் தர இயலாத ஒன்று இருந்திருத்தல் வேண்டும்.

இனி இடரைக் கூறுவோம். எல்லாரையும் எல்லாரும் அறிந்த ஊரில், எவன் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் எல்லாரும் அறிவர். கார்ட்டர் வளர்ந்தது பிளெயின்ஸுக்கு அண்மையிலுள்ள ஆர்ச்சரி என்னும் சிற்றிடத்தில். அவருடைய இளமைத் தோழர் கறுப்பினச் சிறுவரே. அவர்களோடு மீன் பிடித்தும் மற்போர் புரிந்தும் சமமாகத் திரிந்தார். ஏறக்குறையப் பதினான்கு வயதில் ஒருநாள், தோழர் இருவரும் மேய்ச்சல் நிலத்தின் வாயிற்கதவைத் திறந்து, அவரை முதலில் செல்லவிட்டுத் தாம் பின்னொதுங்கி நின்றனராம். பிற்காலத்தில் தம் இளமை நினைவுகளை எழுதியபோது இதனை அவர் குறித்துள்ளார். அவ்வாறு ஒதுங்குமாறு அவ்விடத்தில் எவரும் ஆணையிடவில்லை. சிற்றூரின் சட்டம் ஏட்டில் எழுதப்பெறுவதன்று. அது வளரும் பிள்ளைகளின் கால்களில் தானே வந்து அமர்ந்துகொள்கின்றது.

அச்சட்டத்தை மீறினார்க்கு நேர்ந்தது யாது? அதே சம்டர் வட்டாரத்தில், அமெரிக்கஸ் என்னும் நகருக்கருகே, 1942இல் கிளாரன்ஸ் ஜோர்டன் முதலியோர் கொய்னோனியா என்னும் பண்ணையை நிறுவினர். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பந்தியில் உண்டு, ஒரே நிலத்தில் உழைத்து வாழ்வதே அவர்கள் நோக்கம். 1950இல் அவர்கள் தம்மிடம் வந்த இந்திய மாணவர் ஒருவரைத் தாம் வழிபடும் தேவாலயத்திற்கு உடன் அழைத்துச் சென்றனர். அவர் மேனியின் கருமை கண்டு சபையார் வெகுண்டனர். பண்ணையாரைச் சபையினின்றும் நீக்கினர். நம் நாட்டு விருந்தினர் ஒருவரே அப்பிரிவுக்குக் காரணமானார் என்பதை நாம் மறத்தற்கில்லை. 1956 முதல் வட்டாரத்து வணிகர் பண்ணையாருக்கு எதனையும் விற்கவும், அவரிடம் எதனையும் வாங்கவும் மறுத்தனர். பண்ணைமீது துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. சாலையோரக் கடை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஆயினும் அவர்கள் ஊரை விட்டுச் செல்லவில்லை. தாம் விளைத்த பீக்கன் கொட்டைகளை அஞ்சல்வழி வெளியூர்களுக்கு விற்றுப் பிழைத்தனர்.

கடற்படையில் பணிபுரிந்த கார்ட்டர், தந்தையார் இறந்தபின் 1953இல் ஊர் திரும்பி நிலக்கடலை வாணிகம் தொடங்கினார். மறு ஆண்டு, வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் தனித்தனிப் பள்ளிகள் கூடா என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கவே, அத்தீர்ப்பை எதிர்த்து வெள்ளையர் மன்றங்கள் ஊர்தோறும் எழுந்தன. பிளெயின்ஸ் மன்றத்தில் சேருமாறு அவரையும் அழைத்தனர், அவர் மறுத்தார். உறுப்பினர் கட்டணத்தைத் தாமே செலுத்துவதாகக் கூறி அவர்கள் மீண்டும் வந்தனர்; மீண்டும் மறுத்தார். அதன்பின் சிலர் அவர் கடைக்கு வருவதை நிறுத்தினர்.

1965இல் அவர் வழிபட்ட பிளெயின்ஸ் பாப்டிஸ்டு சபையில், கறுப்பரை வழிபாட்டிற்கு அனுமதித்தல் கூடாது என்னும் தீர்மானம் வந்தது. கார்ட்டர் எழுந்து எதிர்த்துப் பேசினார். வாக்கெடுப்பில் தீர்மானத்தை ஆதரித்தோர் ஐம்பதின்மர்க்குச் சற்று மிகுதி. எதிர்த்தோர் அறுவர் மட்டுமே. அவ்வறுவருள் ஐவர் கார்ட்டர் குடும்பத்தினர். ஏனையோர் பலர் இப்புறமும் அப்புறமும் வாக்களியாது வாளா இருந்தனர்.

என் சிந்தை நின்றுவிடுவது இவ்விடத்தில்தான். ஐம்பதின்மரை நான் அறிவேன்; எக்காலத்தும் எவ்வூரிலும் அவர்கள் உண்டு. அறுவரையும் அறிவேன், அவர்களை வரலாறு போற்றும். வாளா இருந்தோர் யாவர்? தீயோர் அல்லர். நோயுற்ற அயலானுக்குக் கஞ்சி கொண்டு சென்றவர் அவர்களே; இழவு வீட்டில் இரவு முழுவதும் விழித்திருந்தவரும் அவர்களே. அடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பவன் தன் கடைக்கு வாடிக்கையாளன், தன் பிள்ளைக்கு ஞானத்தந்தை, தன் தங்கைக்குக் கொழுநன். அவன் மனம் நோகக் கை தூக்குவது எங்ஙனம்? சிற்றூரின் அன்பு எவ்வேரிலிருந்து தளிர்க்கின்றதோ, அதன் அச்சமும் அவ்வேரிலிருந்தே தளிர்க்கின்றது. ஆதலின், சிற்றூரைத் துறக்கம் எனப் பாடுவோரும் நரகம் எனப் பழிப்போரும் ஒரு பாதியையே கண்டவர் ஆவர்.

தூரா சமவெளியில் இசைக்கருவிகள் முழங்கியபோது மூவர் நீங்கலாகத் திரண்டிருந்தோர் அனைவரும் பணிந்தனர். அவர்கள் எல்லாரும் அச்சிலையை நம்பியா பணிந்தனர்? அருகில் நின்றவன் பணிந்தான். ஆதலின் தாமும் பணிந்தோர் பலர் இருந்திருப்பர். பிளெயின்ஸ் மக்கள் பெயரிலிருந்து தூராவை நீக்கிவிட்டனர். வாழ்விலிருந்து அதனை நீக்குதற்கு நெடுங்காலம் ஆயிற்று. 1976 நவம்பரில்தான், கார்ட்டர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்று உலகின் கண் அச்சிற்றூர்மேல் பட்டிருந்த வேளையில், அச்சபை அனைவருக்கும் கதவு திறக்க வாக்களித்தது. அதன்பின்னும் அமைதி உண்டாகவில்லை. மாற்றத்தை ஆதரித்த போதகர் 1977இல் பதவி விலக நேர்ந்தது. சபை இரண்டாகப் பிரிந்தது; பிரிந்தோர் மாரநாதா என்னும் புதிய சபையைக் கண்டனர். கார்ட்டர் முதுமையில் வேதபாடம் கற்பித்தது அங்கேதான்.

"அங்ஙனமாயின், கற்றவன் சிற்றூரை விட்டு நீங்குவதே நன்று" என்பர் நண்பர் சிலர். பலர் அவ்வாறே நீங்கினர். 1910 முதல் 1970 வரை ஏறக்குறைய அறுபது இலட்சம் கறுப்பின மக்கள் அத்தென்னாட்டை விட்டு வடக்கிற்கும் மேற்கிற்கும் சென்றனர். கொடுமைக்கு அஞ்சி நீங்கியோரை எவரும் குறை கூறார். ஆயின் கொடுமைக்கு ஆளாகாத நம் போன்றோர் நீங்குவது வேறு. நகரத்தில் ஒருவன் அநீதியைக் கண்டால் அடுத்த தெருவிற்குக் குடிமாறலாம். அவன் கருத்து இன்னதென எவரும் வினவார். சிற்றூரிலோ ஒரு கை உயர்வதும் தாழ்வதும் எல்லார்க்கும் தெரியும். பெருநகரில் ஆறு வாக்குகள் கணக்கில் மறைந்துபோம். பிளெயின்ஸில் அவை அறுபதாண்டு கடந்தும் மறக்கப்படவில்லை. கற்றவர் யாவரும் ஊரை விட்டு ஓடிவிடின், அங்கே எஞ்சுவோர் அவ்வைம்பதின்மரும் வாளா இருப்போருமே அல்லரோ?

இதனைப் பிறர்க்கு உபதேசிக்கும் தகுதி எனக்கு உண்டோ என்பதே என்னை வருத்துவது. சென்ற கோடை விடுமுறையில் எங்கள் ஊர்ச் சபைக் கூட்டத்தில் ஒரு வினா எழுந்தது. கல்லறைத் தோட்டத்தில் ஒரு தெருவாரையும் மற்றொரு தெருவாரையும் பிரித்து நிற்கும் சுவரை நீக்கலாமா என்பதே அது. முதியவர் ஒருவர் மட்டும் எழுந்து, நீக்க வேண்டும் என்றார். கை தூக்குமாறு கேட்டனர். என் அருகில் என் தந்தையார் அமர்ந்திருந்தார். எங்கள் கடைக்கு வருவோர் முன்னும் பின்னும் இருந்தனர். என் கை மடியிலேயே கிடந்தது. வீடு திரும்பும் வழியில் அம்முதியவர் என்னை நோக்கி, "தம்பி, கல்லூரிக்கு என்றைக்குப் போகிறீர்?" என்று அன்புடன் வினவினார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எளிதாயிருந்திருக்கும்.

கல்லூரி திரும்பிய பின்னரே பிளெயின்ஸின் வரலாற்றைப் படித்தேன். அறுவர் பெயரை நாடிப் படிக்கத் தொடங்கிய யான், வாளா இருந்தோர் கூட்டத்தில் என்னையே கண்டேன்.

தோழர்காள்! நம்மில் பெரும்பாலோர் சிற்றூரிலிருந்து வந்தவர். நம் ஊரின் அன்பை உண்டு வளர்ந்தோம். அக்கடனைத் தீர்க்கும் வழி அதனை வாயாரப் புகழ்வது மட்டுமன்று. ஊர் ஓடும்போது ஏன் ஓடுகின்றது எனக் கேட்பவனும் அவ்வூரானே. அவனுக்கும் அங்கே இருக்கை உண்டு என்னும் நிலை வரும்வரை ஊரின் அன்பு நிறைவுடையதாகாது. அச்சுவர் இன்னும் நிற்கின்றது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப்பின் சபை மீண்டும் கூடும் என்கின்றனர். யான் செல்வேன்.