போர்ட்டை மாற்ற முன், சிக்னலைப் பாருங்கள்



கண்டி, அக்குறணை, மடவளைப் பக்கப் பாடசாலைகளில் பிள்ளைகள் ஆர்டுயினோவில் செயற்றிட்டம் செய்வதைப் பார்க்கச் சந்தோஷம். ஆனால் அது வேலை செய்யாவிட்டால் நாம் உடனே சொல்வது, "பார்ட்ஸ் பழுது மகன், வேறொன்று வாங்குங்க." வாப்பாவின் பொக்கட்டில் கை வைக்கும் இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஓர் உதாரணம். எல்சிடி திரையை ஐ-டூ-சி முறையில் இணைத்தாயிற்று. லைட் எரிகிறது, எழுத்து வரவில்லை. திரை பழுதாக இருக்கலாம். திரையின் பின்னாலுள்ள சிப்பின் முகவரி வேறாகவும் இருக்கலாம்: பிசிஎஃப்8574 என்றால் பெரும்பாலும் பதினறும எண்ணில் 27, பிசிஎஃப்8574ஏ என்றால் 3எஃப். அல்லது பின்பக்கத் திருகில் கொன்ட்ராஸ்ட் சரியாக வைக்கப்படவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுதான்.

லொஜிக் அனலைசர் இதைப் பிரித்துக் காட்டும். இரண்டு சிக்னல் வயர்களிலும் கிரவுண்டிலும் கொழுவினால், வயர் எப்போது 0, எப்போது 1 என்று பதிந்து லெப்டொப்பில் வரைந்து தரும். பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருள் அதை முகவரியாகவே வாசித்துக் காட்டும். முகவரியோடு 8 பிட் போன பிறகு, 9ஆவது துடிப்பில் சிப் வயரைக் கீழே இழுக்க வேண்டும். "நான் இருக்கிறேன்" என்பதுதான் அது. வயர் மேலேயே நின்றால் அந்த முகவரியில் ஆளில்லை. முதலில் புரோகிராமில் முகவரியை மாற்றிப் பாருங்கள். பதில் வந்தால் சிப்புக்குக் கேட்கிறது. திருகைத் திருப்பிப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரு ரூபாவும் தேவையில்லை.

"முகவரியைத் தேட ஒரு சின்ன புரோகிராம் போதுமே?" என்று சிலர் கேட்பார்கள். முகவரிக்குப் போதும். ஆனால் ஒரு போர்ட் 9600 வேகத்திலும் மற்றது 115200இலும் பேசினால்? 9600இல் ஒரு பிட் ஏறக்குறைய 104 மைக்ரோசெக்கன். பிள்ளை திரையில் தானே அளந்து பிழையைக் கண்டுபிடிக்கும். கொப்பியில் எழுதிய துவித எண் அங்கே வயரில் ஓடுவதைக் காணும்.

இது எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. வோல்ட் எவ்வளவு, அலை எப்படிக் கெட்டிருக்கிறது என்று பார்க்க ஒசிலோஸ்கோப் வேண்டும். சிக்னலின் வேகத்தைவிடக் குறைந்தது நாலு மடங்கு வேகத்தில் பதியாவிட்டால் படமும் பொய் சொல்லும்.

பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்மார்ட் போர்ட் கொடுக்கும்போது, விலை குறைந்த 8 சனல் அனலைசர் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். முழுப் பாடசாலைக்கும் ஒன்று போதும். ஆசிரியர்களே, அதை அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள். பேராதனைப் பொறியியல் பீடத்தில் படிக்கும் நம்மூர் தம்பி தங்கைகளே, மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையை இந்தப் பிள்ளைகளுக்குத் தாருங்கள்.

ஆதாரம் பார்த்துவிட்டுப் பேசப் பழகிய பிள்ளை, மின்சுற்றில் மட்டுமல்ல, எங்கும் அவசரப்பட்டுப் பழி போடாது.