களைதலும் காத்தலும்

தென் தமிழகத்தின் கண்மாய்களிலும் தரிசு நிலங்களிலும் அடர்ந்து நிற்கும் சீமைக் கருவேலம் இம்மண்ணின் மரமன்று. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட அது, 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிற்கு வந்தது. வேலியாகவும் விறகாகவும் உதவிய அம்மரம், இன்று நீர்நிலைகளையும் மேய்ச்சல் நிலங்களையும் கவர்ந்துகொண்டது. அதனை அகற்றவேண்டும் என்பதைப் பலரும் ஏற்பர். எவ்வாறு அகற்றுவது என்பதே வினா.

வெட்டினும் தழைக்கும் மரம்

தரைக்கு மேலே வெட்டப்படும் சீமைக் கருவேலம் மடிவதில்லை. தண்டும் வேரும் கூடுமிடத்தில் உறங்கும் மொட்டுகள் விழித்து, ஒரு தண்டு நின்ற இடத்தில் பல தண்டுகள் எழுகின்றன. எனவே, களைக்கொல்லியே தீர்வு எனச் சிலர் கருதுகின்றனர். அக்கருத்தில் ஓரளவு உண்மை உண்டு. மரத்தை வெட்டிய உடனே, அடிக்கட்டையில் பட்டையை ஒட்டிய உயிருள்ள விளிம்பில் உரிய மருந்தைத் தூரிகையால் பூசினால், அது வேர்வரை சென்று மறுதுளிர்ப்பைத் தடுக்கும். காலம் தாழ்த்தினால் வெட்டுவாய் உலர்ந்துவிடும்; மருந்தும் வீணாகும்.

மருந்தின் எல்லை

பூசுவது வேறு, புதர்மீது தெளிப்பது வேறு. தெளிக்கும் துளிகள் காற்றில் கலந்து அண்டை வயலின் பயிரைக் கருக்கும். கால்நடைகள் பருகும் கண்மாய் நீரிலும் சேரும். கையுறையின்றித் தெளிக்கும் கூலித் தொழிலாளரே முதலில் பாதிக்கப்படுவர். பரவலாகப் பயன்படும் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்புடையது என உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது. பல நாடுகளின் கட்டுப்பாட்டு அமைப்புகள் அம்முடிவை ஏற்கவில்லை. எனினும், இந்திய அரசு 2022இல் அதன் பயன்பாட்டிற்குக் கட்டுப்பாடு விதித்தது. ஐயம் தீராத பொருளை நீர்நிலையருகே தெளிப்பது அறிவுடைமை ஆகாது.

மேலும், அடிக்கட்டையில் பூசும் மருந்து மண்ணில் கிடக்கும் விதைகளை அழிப்பதில்லை. நெற்றுகளைத் தின்னும் ஆடுமாடுகளின் சாணத்தின் வழியே விதைகள் புதிய இடங்களுக்கும் பரவுகின்றன.

செய்யத்தக்கது

நீர்நிலைகளில் வேரோடு தோண்டி எடுப்பதே முறை. தோண்ட இயலாத இடங்களில் மட்டும், பயிற்சி பெற்றோர் பாதுகாப்புடன் அடிக்கட்டையில் மருந்து பூசலாம். முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்கவேண்டும். வெற்றிடமாக விட்ட நிலத்தை அதே மரம் மீண்டும் கைப்பற்றும். ஆதலின் வன்னி, வேம்பு, பனை முதலியவற்றை அங்கு வளர்க்கவேண்டும். இம்மரத்தைக் கரிமூட்டமிட்டுப் பிழைக்கும் இராமநாதபுரத்து ஏழைக் குடும்பங்களுக்கு மாற்றுத் தொழில் அமைத்துத் தருவதும் இப்பணியின் பகுதியே.

ஒரு மரத்தை ஒழிப்பது மட்டும் நோக்கமன்று. நிலத்தையும் நீரையும் அவற்றைச் சார்ந்து வாழும் மக்களையும் காப்பதே நோக்கம். அந்நோக்கத்திற்கு ஊறு செய்யாத அளவில் மட்டுமே மருந்துக்கு இடமுண்டு.