யந்திரத்துக்கு முன்னால் பாடம்

குஜராத் மாநிலத்தில், இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், ஏழைக் குழந்தைகளுக்குக் கணிதம் பயிற்றுவிக்கக் கம்ப்யூட்டரைத் துணைக்கொண்ட இரண்டு முயற்சிகள் நடந்தன. இரண்டையும் பொருளாதார ஆராய்ச்சியாளர்கள், குலுக்கல் முறையில் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, யந்திரம் பெற்ற குழந்தைகளையும் பெறாத குழந்தைகளையும் ஒப்பிட்டு, மிகுந்த நிதானத்தோடு பரீட்சித்தார்கள். வடோதரா நகரப் பள்ளிகளில் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய முதல் முயற்சியில், நான்காம் வகுப்பு மாணவர்கள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஒரு யந்திரத்துக்கு இருவராக அமர்ந்து, தங்கள் தேர்ச்சிக்குத் தக்கபடி கடினம் ஏறிக்கொண்டே போகும் கணக்கு விளையாட்டுகளை ஆடினார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, அக்குழந்தைகளின் கணிதத் தேர்ச்சி இரண்டாம் ஆண்டில், புள்ளியியலார் திட்ட விலக்கம் என்று வழங்கும் அளவையில், 0.47 உயர்ந்ததாகக் கண்டது. கல்வித் துறையில் இது அபூர்வமான பலன். அதே ஆய்வில் பங்கு கொண்ட லீ லிண்டன், ஞான் சாலா என்ற மற்றோர் அமைப்பின் பள்ளிகளில் செய்த ஆராய்ச்சியை 2008-இல் எழுதினார். அங்கே உபாத்தியாயர் பாடம் நடத்தும் நேரத்தையே எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் வகுப்புக்குள் நுழைந்தபோது, குழந்தைகள் யந்திரம் இல்லாத பள்ளிக் குழந்தைகளைவிட 0.57 அளவு பின்தங்கிப் போனார்கள். பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதல் அப்பியாசமாக அதைக் கொடுத்தபோதோ 0.28 அளவு முன்னேறினார்கள். படிப்பில் பின்தங்கியிருந்த பிள்ளைகளே அதனால் அதிக நன்மை அடைந்தார்கள்.

ஞான் சாலாவின் ஆசிரியைகள் ஒவ்வொரு பாடவேளையையும் முன்கூட்டியே வகுத்த ஒழுங்கின்படி நடத்தி வந்தவர்கள்; அந்த நல்ல நேரத்தைப் பறித்துக்கொண்டு வந்த எந்தச் சாதனமும், அது எவ்வளவு நவீனமானதாக இருந்தாலும், அதற்கு ஈடான பாடத்தைக் கொடுத்தாக வேண்டும்; கொடுக்க இயலாதபோது நஷ்டம் குழந்தைக்கு. ஆகையால் கல்வி யந்திரங்களைப் பற்றி யோசிக்கிறவர்கள் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டியது, அவை குழந்தையின் நாளில் எதை அகற்றிவிட்டு அந்த இடத்தில் வந்து உட்காருகின்றன என்பதே. நம் நாட்டில் திறன்மிகு வகுப்பறைகளையும் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களையும் பற்றிய அறிக்கைகளில் யந்திரங்களின் எண்ணிக்கையும் விலையும் விவரமாக இருக்கின்றன. இந்த விசாரணையை நான் அவற்றில் அரிதாகவே காண்கிறேன்.

1983-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் கிளார்க் என்ற அமெரிக்கப் பேராசிரியர், அதுவரை நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்து, சாதனம் என்பது பாடத்தைச் சுமந்து வரும் வாகனமே என்றும், மளிகைச் சாமானைக் கொண்டுவரும் லாரியினால் வீட்டாரின் தேகபுஷ்டி கூடுவதோ குறைவதோ இல்லாததுபோல் சாதனத்தினால் மட்டும் கல்வி வளர்வதில்லை என்றும் முடிவு கூறினார். ராபர்ட் கோஸ்மா என்ற மற்றோர் அறிஞர் 1991-இல் இதை மறுத்து, சில சாதனங்களுக்கு மற்றவற்றுக்கு இல்லாத சக்தி உண்டு என்றும், அந்தச் சக்தியை உணர்ந்து பாடம் அமைப்பதே அறிவு என்றும் வாதித்தார். கோஸ்மாவின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு சமன்பாட்டில் எண்ணை மாற்ற மாற்ற அதன் வரைபடம் கண்ணெதிரே வளைவதைக் கரும்பலகையில் காட்டுவது எளிதன்று. ஆனாலும், பொதுமக்களின் பணத்தைச் செலவழிக்கும் அரசாங்கங்கள் தலைமாட்டில் வைத்துக்கொள்ள வேண்டியது கிளார்க்கின் எச்சரிக்கை என்பது என் திடமான அபிப்பிராயம்.

யந்திரம் இல்லையென்றால் வேறு எது கற்பிக்கிறது? பாடத்தின் அமைப்பு கற்பிக்கிறது. எதை முதலில் சொல்வது, எவ்வளவு சொன்னபின் நிறுத்துவது, எப்போது மாணவனைத் தானே செய்யவிடுவது, தவறியபோது என்ன கூறித் திருத்துவது என்ற இந்த நுட்பங்களை ஆராயும் சாஸ்திரம், இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கப் படைகளுக்குப் பயிற்சி அளித்த ராபர்ட் கான்யே போன்ற மனோதத்துவ அறிஞர்களின் அநுபவத்திலிருந்து வளர்ந்தது. ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லர் என்பவர் 1980-களில் இயற்கணிதம் பயிலும் மாணவர்களைக் கொண்டு ஒரு விஷயத்தை நிரூபித்தார்: ஒரு கணக்கு வகைக்குப் புதியவனிடம் கணக்குகளைக் கொடுத்து நீயே வழி கண்டுபிடி என்று விடுவதைவிட, படிப்படியாகச் செய்து காட்டிய கணக்குகளை அவன் கூர்ந்து படிக்கும்படி செய்வது விரைவாகவும் உறுதியாகவும் பலன் தருகிறது. காரணம், மனிதனுடைய மனம் ஒரே சமயத்தில் ஏந்தி நிற்கக்கூடிய புதிய செய்திகள் மிகச் சில; அந்தச் சிறிய இடம் முழுவதையும் தடுமாற்றமே நிரப்பிவிட்டால் கற்பதற்கு இடமில்லாமல் போகிறது. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு நம்முடைய பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கும் வழக்கத்தை நேரடியாகத் தொடுவது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள், ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது முந்தினார்கள். ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ, ஒரு வாரம் கழித்து அவர்களைவிடத் தெளிவாக முந்தினார்கள். ரிச்சர்ட் மேயர் என்பவர், பாடத்தோடு சம்பந்தமில்லாத சுவாரசியமான படங்களையும் இசையையும் சேர்த்தால் கற்றல் குறைகிறது என்பதைப் பல சோதனைகளில் காட்டினார். குழந்தைகளைக் கவர வேண்டும் என்ற நல்லெண்ணத்தினாலேயே பின்னணி இசையையும் துள்ளும் பொம்மைகளையும் நிறைத்துத் தயாரிக்கப்படும் நம் பாட வீடியோக்களை, இந்த ஆராய்ச்சியைப் படித்தபின் என்னால் கவலையில்லாமல் பார்க்க முடிவதில்லை. இக்கண்டுபிடிப்புகளில் பெரும்பாலானவற்றை நாளைக் காலையிலேயே, மின்சாரம் இல்லாத பள்ளியிலும், ஒரு நல்ல ஆசிரியர் பிரயோகித்துப் பார்க்கலாம்.

சாதனத்தை நம்பிப் பாடத்தை மறந்த நாட்டுக்குப் பெரு ஓர் உதாரணம். நிக்கோலஸ் நெக்ரோபான்டே 2005-இல் அறிவித்த, குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற உன்னதமான திட்டத்தை அந்நாடு பெரிய அளவில் ஏற்றது. 319 கிராமப் பள்ளிகளை ஆராய்ந்து 2012-இல் வெளிவந்த அறிக்கை, மடிக்கணினிகள் ஏராளமாக வந்து சேர்ந்தும் கணிதத்திலோ மொழியிலோ முன்னேற்றத்துக்கான சான்று இல்லை என்றது. மடிக்கணினியைப் பாடத்தில் எப்படிச் சேர்ப்பது என்ற வழிகாட்டல் ஆசிரியர்களுக்குப் போதிய அளவில் இல்லை. தமிழ்நாட்டில் 2011 முதல் வழங்கப்பட்ட மடிக்கணினிகளை இதைக் காட்டி நான் குறை கூறமாட்டேன். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் கையில் இருப்பது ஏழை வீட்டுப் பிள்ளையின் கையிலும் இருக்க வேண்டும் என்பது நீதி. அந்த நீதிக்குப் பரீட்சை மதிப்பெண்ணைச் சாட்சியாக அழைக்கத் தேவையில்லை. ஆனால் கற்றல் உயரும் என்று சொல்லி ஒன்றை வாங்கும்போது, உயர்ந்ததா என்று கேட்கும் உரிமை ஜனங்களுக்கு உண்டு.

டெல்லியில் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கானிமியான் மூவரும் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில் யந்திரம் வென்றது. 619 மாணவர்கள் பங்கு கொண்ட அந்தப் பரீட்சையில், குலுக்கலில் இடம் கிடைத்தவர்கள் பள்ளி முடிந்தபின் மைண்ட்ஸ்பார்க் என்ற கணினிப் பாடத்தை முக்கால் மணி நேரமும், ஓர் உதவியாளரிடம் சிறு குழுவாக முக்கால் மணி நேரமும் பயின்றார்கள். நாலரை மாதங்களில் அவர்களுடைய தேர்ச்சி, இடம் கிடைக்காதவர்களைவிடக் கணிதத்தில் 0.37, ஹிந்தியில் 0.23 அளவு உயர்ந்தது. ஆறாம் வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளை கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புப் பின்தங்கியிருந்தது என்பதையும், அதே மாதங்களில் பள்ளி வகுப்பை மட்டுமே நம்பியிருந்தவர்களில் மிகவும் பின்தங்கிய மூன்றில் ஒரு பங்கினர் அளக்கத்தக்க முன்னேற்றம் எதையும் பெறவில்லை என்பதையும் அந்த ஆய்வு வெளிப்படுத்தியபோது, படித்த எனக்கு மனம் கனத்தது. ஆறாம் வகுப்புப் பாடத்தை முடித்தாக வேண்டிய ஆசிரியர், மூன்றாம் வகுப்புக் கழித்தலில் திணறும் பிள்ளையிடம் இறங்கி வர அவகாசம் இல்லாதவர். மைண்ட்ஸ்பார்க் பாடமோ ஒவ்வொரு பிள்ளையையும் சோதித்து, அது நிற்கும் படியிலேயே தொடங்கியது. வெற்றியின் காரணம் இந்த அமைப்புத்தான் என்பதற்கு நம் மாநிலத்திலேயே அத்தாட்சி உண்டு.

கொரோனாவினால் பள்ளிகள் மூடிக் கிடந்த நீண்ட காலத்துக்குப் பிறகு, தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்த ஆய்வாளர்கள், கணிதத்திலும் தமிழிலும் பெரிய இழப்பைக் கண்டார்கள். பள்ளிகள் திறந்து ஆறு மாதங்களில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுசெய்யப்பட்டதையும் கண்டார்கள். அவ்வாறு மீண்டதில் ஏறக்குறைய கால் பங்குக்குக் காரணம், 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி என்ற திட்டம். அந்தந்த ஊரைச் சேர்ந்த, பெரும்பாலும் பெண்களான தன்னார்வலர்கள், மாலை வேளையில் ஒரு சிறு கூட்டத்தை உட்காரவைத்து, குழந்தைக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுத்ததைத் தவிர அங்கே விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை.

விலையுயர்ந்த கருவி இல்லாமல் கற்பிப்பது சென்னைக்குப் புதிய பாடமும் அன்று. எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை 1789 முதல் மேற்பார்வையிட்ட ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியில் புகுத்த விரும்பினார்; துணையாசிரியர்கள் இணங்காதபோது எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை இளையவர்களுக்குக் கற்பிக்கச் செய்தார். 1797-இல் லண்டனில் அவர் இதைப் புத்தகமாக வெளியிட்டபின் இம்முறை இங்கிலாந்தெங்கும் மதராஸ் முறை என்ற பெயரில் பரவியது. ஆனால் ஓர் ஆசிரியரைக் கொண்டே நூற்றுக்கணக்கானவர்களைக் குறைந்த செலவில் பயிற்றிவிடலாம் என்ற ஆசையே அங்கே மேலோங்கியதால், அது வெறும் மனனப் பயிற்சியாகச் சுருங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கைவிடப்பட்டது.

இன்று செயற்கை நுண்ணறிவு ஆசிரியர் என்ற பெயரில் புதிய சாதனங்கள் நம் பள்ளிகளின் வாசலில் நிற்கின்றன. அவற்றை வரவேற்பதிலோ விரட்டுவதிலோ எனக்கு ஆர்வம் இல்லை. மாநிலம் முழுவதற்கும் வாங்குவதற்கு முன்பு, சில ஒன்றியங்களில் குலுக்கல் முறையில் பள்ளிகளைத் தேர்ந்து ஓராண்டு பரீட்சித்து, வெற்றியானாலும் தோல்வியானாலும் முடிவைத் தமிழில் வெளியிடுவதை அரசாங்கம் தன் கடமையாகக் கொள்ள வேண்டும். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் பாடங்களை அமைத்து, வகுப்பறையில் சோதித்து, திருத்தி எழுதுவதையே முழுநேரப் பணியாகக் கொண்ட அநுபவமுள்ள ஆசிரியர்கள் இருக்க வேண்டும். கருவிகளுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு நிச்சயமான பங்கு அவர்களுக்குப் போக வேண்டும். பெற்றோர்களுக்கும் இதில் ஓர் இடம் உண்டு. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் மேலாண்மைக் குழு அடுத்த முறை கூடும்போது, அங்கே உள்ள ஒவ்வொரு கருவியும் எந்த வகுப்பில், எந்தப் பாடத்துக்கு, வாரத்தில் எத்தனை மணி நேரம் பயன்படுகிறது என்றும், அந்த நேரத்தில் முன்பு என்ன நடந்துகொண்டிருந்தது என்றும் தலைமை ஆசிரியரிடம் மரியாதையோடு கேளுங்கள்; கிடைக்கும் பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.